நாலிலும் எட்டிலும் சும்மா இருங்கள்

சல்சா டான்ஸ் கிளாஸில் முதல் நாள் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். மொத்தம் எத்தனை ஸ்டெப், எத்தனை வாரத்தில் முடியும்? எட்டு போட்டுக் காட்டிவிட்டால் லைசென்ஸ் கையில் வந்துவிடும் என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவன் நினைப்பானே, அந்த மாதிரி ஒரு கணக்கு மனசில். சொல்லிக்கொடுத்தவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பாட்டுக்கு நடந்து வாருங்கள் என்றார். நடந்தோம். நாங்கள் எங்கள் பாட்டுக்கு நடந்தோம், பாட்டு அது பாட்டுக்கு ஓடியது.

இரண்டும் ஒன்று சேர எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் 'இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா' என்று நினைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, சல்சா என்றால் என்ன? ஜோடி ஜோடியாக ஆடும் நடனம். எட்டு எண்ணுகிறோம், ஆறு அடி வைக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று, நிற்கிறோம். ஐந்து, ஆறு, ஏழு, நிற்கிறோம். நாலும் எட்டும் எண்ணிக்கையில் உண்டு, காலுக்கு வேலை கிடையாது. பார்ட்னரைச் சுற்றிவிடுவது, கைகளை முடிச்சுப் போட்டு அவிழ்ப்பது, இடம் மாறுவது என்று மேடையில் பார்த்து நாம் வாயைப் பிளப்பதெல்லாம் இந்த ஆறு அடியை எந்தத் திசையில் வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. எண்ணிக்கை அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பேசிக் ஸ்டெப்பை எழுந்து நின்று செய்து பாருங்கள், உட்கார்ந்து படித்தால் ஏறாது. நடத்துகிறவரை லீட் என்பார்கள். லீட், ஒன்றுக்கு இடது காலை முன்னால் வைக்கிறார். இரண்டுக்கு வலது கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, உடம்பின் எடை மட்டும் அதற்குத் திரும்புகிறது. மூன்றுக்கு இடது கால் பழைய இடத்துக்கு வந்து வலது காலுக்குப் பக்கத்தில் சேர்கிறது. நாலு, சும்மா. ஐந்துக்கு வலது கால் பின்னால் போகிறது, ஆறுக்கு எடை இடது காலுக்கு வருகிறது, ஏழுக்கு வலது கால் வீடு திரும்புகிறது. எட்டு, சும்மா. எதிரில் நிற்பவர் ஃபாலோ. அவருக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல: லீட் முன்னால் வரும்போது அவர் வலது காலால் பின்னால் போகிறார், லீட் பின்வாங்கும்போது இடது காலால் முன்னால் வருகிறார். அடி சின்னதாக இருக்கட்டும். உங்கள் பாதத்தின் நீளத்துக்கு மேல் போகவே வேண்டாம். பெரிய அடி வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் திரும்பி வர நேரம் இருக்காது.

எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். நடுத்தர வேகமுள்ள ஒரு சல்சா பாட்டில் நிமிஷத்துக்குச் சுமார் 180 பீட் வரும், அதாவது வினாடிக்கு மூன்று. எட்டு எண்ணி முடிக்க மூன்று வினாடிகூட ஆகாது. நாலு நிமிஷப் பாட்டு என்றால் அந்தப் பேசிக் ஸ்டெப்பை 90 தடவை செய்கிறீர்கள். கிளாஸில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாயால் எண்ணிச் செய்யும்போது வெண்ணெய் மாதிரி இருந்தது, பாட்டைப் போட்டதும் ஏன் கால் பின்னிக்கொள்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கால் பின்னுவதற்கு வேகம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, எடை. புதிதாக வருகிறவர் இடது காலை முன்னால் வைக்கச் சொன்னால் வைப்பார், ஆனால் உடம்பு பின்னங்காலிலேயே நின்றுகொண்டிருக்கும், முன்னங்கால் சும்மா தரையைத் தொட்டுப் பார்க்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதை அப்படியே உடம்பால் செய்கிற நிலைமை. அடுத்த எண்ணிக்கை வரும்போது எந்தக் காலை எடுப்பது என்று மூளை கேட்கும், பதில் வருவதற்குள் மூன்று போயிருக்கும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எண்ணிக்கொண்டே ஆடுங்கள், நடுவில் எங்காவது சட்டென்று நின்று, இப்போது வைக்காத காலைத் தரையிலிருந்து தூக்குங்கள். தள்ளாடாமல் தூக்க முடிந்தால் எடை முழுசாக மாறியிருக்கிறது. முடியவில்லை என்றால் நீங்கள் அடி வைக்கவில்லை, தரையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த நாலும் எட்டும். சும்மா நிற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது அதுதான். பீட் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் அடங்காது, நாலுக்கும் ஒரு அடி வைத்துவிடும். வைத்துவிட்டால் அடுத்து வர வேண்டியது வலது காலா இடது காலா என்பது தலைகீழாகிவிடும், எதிரில் இருப்பவரின் கால் விரலுக்கு ஆபத்து. நிற்பது என்றால் கல் மாதிரி விறைத்து நிற்பதும் இல்லை. மூன்றில் வைத்த காலின் மேல் உடம்பு மெதுவாக வந்து இறங்கி உட்காருவதற்கான நேரம் அது. நன்றாக ஆடுகிறவர்களின் காலைப் பாருங்கள், அவர்கள் நாலில் எதையுமே அவசரமாகச் செய்வதில்லை, அதனால்தான் வேகமான பாட்டிலும் ஓடுகிற மாதிரி தெரிவதில்லை.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி. ஆதி தாளமும் எட்டுதான். கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே காலால் பேசிக் ஸ்டெப் செய்து பாருங்கள்: தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல் எண்ணி முடித்து, நடுவிரல் வரும் நாலாவது எண்ணிக்கையில் கால் நிற்கும், கடைசி வீச்சில் மறுபடி நிற்கும். நான் பார்த்தவரைக்கும் பரதம் கற்றவர்கள் எண்ணிக்கையை முதல் நாளே பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேறு சிக்கல், தட்டடவு போட்ட பழக்கத்தில் தரையை ஓங்கி மிதித்துவிடுவார்கள். சல்சாவில் தரையை அடிப்பது கிடையாது, அழுத்துவதுதான். குத்துப் பாட்டுக்கு ஆடிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல், உடம்பு மேலே மேலே துள்ளும். தலை ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

ஒன்று எங்கே இருக்கிறது?

எட்டு எண்ணத் தெரியும், ஆனால் பாட்டில் ஒன்று எங்கே வருகிறது என்று தெரியாது. ஆரம்பத்தில் இருக்கும் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. சல்சா இசையில் ஒரே நேரத்தில் ஐந்தாறு வாத்தியங்கள் ஐந்தாறு விதமாக வாசித்துக்கொண்டிருக்கும், பேஸ் கிட்டார் ஒன்றில் அடிக்காமல் அதற்கு முன்னாலேயே முந்திக்கொண்டு வேறு குழப்பும். நம் சினிமாப் பாட்டில் மாதிரி டிரம்ஸ் 'இதோ ஒன்று' என்று ஓங்கிச் சொல்லாது.

கோங்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோங்கா என்பது உயரமான பீப்பாய் மாதிரி இருக்கும் தோல் மேளம், கையால் வாசிப்பது. அதில் இரண்டாவது எண்ணிக்கையில் காய்ந்த சத்தமாக ஒரு 'டக்' விழும், நாலிலும் நாலரையிலும் திறந்த சத்தமாக 'டும்டும்' என்று இரட்டையாக வரும். ஆறில் மறுபடி டக், எட்டில் மறுபடி டும்டும். காதில் முதலில் விழுவது அந்த டும்டும்தான். அது முடிந்த உடனே வருவது ஒன்று, இல்லாவிட்டால் ஐந்து. எது ஒன்று எது ஐந்து என்பதைக் கோங்கா சொல்லாது, பாடுகிறவர் வரியை எங்கே தொடங்குகிறார் என்பதை வைத்துப் பழகப் பழகத்தான் தெரியும். ஆரம்பத்தில் ஐந்தில் தொடங்கிவிட்டால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. இரண்டிலோ மூன்றிலோ தொடங்காமல் இருந்தால் போதும்.

பாட்டின் பிற்பாதியில் இன்னொரு உதவி கிடைக்கும். முதலில் ஒருவர் கதை மாதிரிப் பாடிக்கொண்டு போவார், பாதியில் எல்லாம் மாறி, கோஷ்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும், முன்பாட்டுக்காரர் நடுநடுவே தன் இஷ்டத்துக்கு வேறு வேறு வரிகளை எடுத்துவிடுவார். நம் பஜனையிலும் வில்லுப்பாட்டிலும் பின்பாட்டு வருமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. அந்தக் கட்டத்தை மொன்டூனோ என்பார்கள். மாட்டு மணி மாதிரி, ஆனால் நாக்கு இல்லாமல் குச்சியால் அடிக்கிற ஒரு இரும்பு மணி அங்கேதான் உரக்க நுழையும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகியவற்றில் அதன் பெரிய சத்தம் விழும். மணி வந்துவிட்டால் ஒன்றைத் தேட வேண்டியதே இல்லை, அதுவாகத் தட்டி எழுப்பும்.

இதற்கெல்லாம் கீழே கிளாவே என்று ஒன்று ஓடுகிறது. இரண்டு சின்ன உருட்டுக் கட்டைகள், கோலாட்டக் குச்சியை வெட்டிக் குட்டையாக்கிப் பருமனாக்கினால் வருமே அப்படி. அவற்றைத் தட்டி வாசிக்கும் ஐந்து அடிகள், எட்டு எண்ணிக்கைக்குள் ஒரு சுற்று. சில பாட்டில் கட்டைச் சத்தமே கேட்காது, ஆனாலும் எல்லா வாத்தியமும் அந்த ஐந்து அடிகளை மனசில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கும். இதைப் புத்தகங்களில் புள்ளியும் கோடுமாகப் போட்டு விளக்குவார்கள், எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஒருநாள் மிருதங்கம் படித்த நண்பன் ஒருவன் கேட்டுவிட்டு, இது சொற்கட்டுதானே என்று சொல்லிக் காட்டினான்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒரே வேகத்தில் இதைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். மூன்று, மூன்று, நாலு, இரண்டு, நாலு, மொத்தம் பதினாறு எழுத்து. இரண்டு எழுத்துக்கு ஒரு எண்ணிக்கை என்றால் எட்டு. முதல் நாலு எண்ணிக்கையில் மூன்று தட்டு, அடுத்த நாலில் இரண்டு தட்டு. சல்சாக்காரர்கள் 3-2 கிளாவே என்று சொல்வது இதைத்தான். பின்பாதியிலிருந்து தொடங்கினால் 2-3. நாம் காலால் கிளாவேயை ஆடுவதில்லை, கால் நேராக நடந்துகொண்டிருக்கும்போது இது கோணல்மாணலாக அதன் மேல் விழுந்துகொண்டிருக்கும். அந்த இழுபறிதான் இந்த இசையைக் கேட்டதும் தோள் தானாக அசைவதற்குக் காரணம். கிளாவே தெரியாமலும் வருஷக்கணக்கில் சந்தோஷமாக ஆடலாம், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்காது.

எந்த ஊர் சல்சா?

கிளாஸ் தேடும்போது ஆன் ஒன், ஆன் டூ, கியூபன், எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸ்) ஸ்டைல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். பயந்துவிட வேண்டாம், கொஞ்சம் கதை தெரிந்தால் போதும்.

இசையின் வேர் கியூபா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளமும் ஸ்பெயின்காரர்களின் கிட்டாரும் பாட்டும் சேர்ந்து அங்கே சோன் என்ற இசை உருவானது, அப்புறம் மாம்போ. அது நியூயார்க்குக்குப் போய், பல்லேடியம் என்ற நடன அரங்கில் 1950களில் கொடிகட்டிப் பறந்தது. மச்சீட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகெஸ் ஆகியோரின் பேண்டுகள் வாசிக்க, வெள்ளையர், கறுப்பர், புவேர்ட்டோ ரிக்கோக்காரர், யூதர், இத்தாலியர் என எல்லோரும் ஒரே தளத்தில் ஆடிய இடம் அது. கியூபப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் இடையே கதவு சாத்தப்பட்டது, 1966ல் பல்லேடியமும் மூடியது. அந்த இடைவெளியில் நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் இந்த இசையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜானி பச்சேக்கோவும் ஜெரி மசூச்சி என்ற வக்கீலும் சேர்ந்து 1964ல் தொடங்கிய ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம்தான் சல்சா என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோய் ஒட்டியது. கியூபாவை விட்டு வந்துவிட்ட பாடகி செலியா குரூஸ் இந்த இசையின் ராணியானார். பாட்டுக்கு நடுவே அவர் 'அஸூக்கார்' என்று கத்துவார், அதற்குச் சர்க்கரை என்று அர்த்தம். சல்சா என்றால் ஸ்பானிஷில் குழம்பு, சாஸ் என்றுதான் பொருள். டிட்டோ புவெந்தேவுக்குக் கடைசிவரை அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அது சாப்பிடுகிற சமாச்சாரம், நான் வாசிப்பது கியூப இசை என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

இன்னொரு பக்கம், கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1950களின் பிற்பகுதியில் நடன மன்றங்களில் கசீனோ என்ற ஆட்டம் தோன்றியது. இதைத்தான் இப்போது கியூபன் சல்சா என்கிறார்கள். ஜோடி ஒருவரையொருவர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆடும். பல ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் உரக்கச் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே நேரத்தில் அசைவை மாற்றி, பார்ட்னரையும் அடுத்தவருக்கு மாற்றிக்கொண்டே போனால் அது ருவேதா. கோலாட்டத்தில் ஆள் மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை என்பது என் கட்சி, ஏனென்றால் தப்பு செய்தாலும் எட்டு எண்ணிக்கைக்குள் வேறு ஆளிடம் போய்விடுவீர்கள்.

எல்.ஏ. ஸ்டைலும் நியூயார்க் ஸ்டைலும் நேர்க்கோட்டில் ஆடுவது. முன்னது ஒன்றில் திசை மாறும், அதனால் ஆன் ஒன். பின்னது இரண்டில் திசை மாறும், ஆன் டூ. ஆன் டூவை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும்படி ஒழுங்குபடுத்தியதில் நியூயார்க்கின் நடன ஆசிரியர் எடி டோரஸுக்குப் பெரிய பங்கு. அவர் முறையிலும் நிற்பது நாலிலும் எட்டிலும்தான், பயப்படாதீர்கள். கோங்காவின் அந்த 'டக்' இரண்டில் விழுகிறது அல்லவா, ஆன் டூ ஆடுகிறவர்கள் திசை மாற்றும் அடியை அதன் மேலேயே வைக்கிறார்கள். கொலம்பியாவின் காலி நகரத்து ஆட்டம் இதிலெல்லாம் சேராது, அங்கே கால்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடும். 1960களில் அந்த ஊர்க்காரர்கள் நிமிஷத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45ல் ஓடவிட்டு ஆடினார்கள், அந்த வேகம் காலில் ஒட்டிக்கொண்டது.

எதில் சேருவது என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில். சும்மா சொல்லவில்லை. பக்கத்தில் ஆட ஆள் இல்லாத ஸ்டைலைக் கற்று என்ன செய்வது? ஒரே ஒரு எச்சரிக்கை, முதல் ஆறு மாசத்துக்கு இரண்டு ஸ்டைலைக் கலக்காதீர்கள்.

பீரோ தூக்குகிற மாதிரி

தனியாகப் பேசிக் ஸ்டெப் வந்துவிடும். கையைப் பிடித்ததும்தான் புதுக் கதை. சல்சாவை இரண்டு பேரும் ஒத்திகை பார்க்காமல், அடுத்து என்ன என்று பேசிக்கொள்ளாமல் ஆடுகிறார்கள். எப்படித் தெரிகிறது? இரண்டு பேர் பீரோவை மாடிக்கு ஏற்றியிருக்கிறீர்களா? முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் இருப்பவருக்குச் சொல்லாமலே தெரியும், இடது பக்கம் திரும்பினாலும் தெரியும், ஏனென்றால் நடுவில் இருக்கும் பீரோ வளைவதில்லை. சல்சாவில் அந்தப் பீரோ, உங்கள் கைகளும் தோளும் சேர்ந்த சட்டம். ஃப்ரேம் என்பார்கள். முழங்கை உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், மணிக்கட்டு தொங்கக் கூடாது, தோள் காது வரைக்கும் ஏறக் கூடாது. கை புடலங்காய் மாதிரி துவண்டிருந்தால் லீட் நகர்வது ஃபாலோவுக்குப் போய்ச் சேராது. இரும்புக் கம்பி மாதிரி இருந்தால் ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் தோள் வலிக்கும்.

லீட் செய்கிறவர் கையால் இழுக்கவே கூடாது. உடம்பை நகர்த்தினால் கை கூடவே போகும், அது போதும். விரல்கள் கொக்கி மாதிரி லேசாக மாட்டியிருந்தால் சரி, கட்டைவிரலால் எதிராளியின் கையை அழுத்திப் பிடித்துவிட்டால் அவர் சுற்றும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ஃபாலோ செய்கிறவருக்கு உள்ள பெரிய சோதனை, முந்திக்கொள்ளாமல் இருப்பது. 'அடுத்து சுற்றிவிடப் போகிறான்' என்று ஊகித்துத் தானே சுற்றிவிட்டால் அப்புறம் அங்கே இரண்டு தனித்தனி ஆட்டம்தான் நடக்கும்.

ஆண்தான் லீட், பெண்தான் ஃபாலோ என்று சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் மட்டும்தான். இரண்டையும் கொஞ்சமாவது கற்றவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். லீட் செய்கிறவர்களுக்கு முதல் மூன்று மாசம் நரகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாட்டைக் கேட்க வேண்டும், காலைப் பார்க்க வேண்டும், அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டும், பக்கத்து ஜோடி மேல் இடிக்காமலும் இருக்க வேண்டும். நிறைய ஆண்கள் இந்தக் கட்டத்தில்தான் ஓடிப்போகிறார்கள். ஃபாலோ செய்கிறவர்கள் அந்த மூன்று மாசத்தில் ஜம்மென்று முன்னேறிவிட்டு, அப்புறம் ஒரு கட்டத்தில் அப்படியே தேங்கி நிற்பார்கள். கணக்கு பிற்பாடு சரியாகிவிடும்.

நேர்க்கோட்டு சல்சாவில் முதலில் உருப்படியாகக் கற்க வேண்டிய அசைவு கிராஸ் பாடி லீட். பெயர்தான் பெரிசு. டவுன் பஸ்ஸில் நடுவழியில் நிற்கிறீர்கள், பின்னால் இருப்பவர் இறங்க வேண்டும், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒதுங்கி வழிவிடுகிறீர்கள், அவர் உங்களைத் தாண்டிப் போகிறார். அவ்வளவுதான். ஒன்று இரண்டு மூன்றில் லீட் இடது பக்கமாகத் திரும்பி ஒதுங்குகிறார், ஐந்து ஆறு ஏழில் ஃபாலோ அந்த வழியில் நேராக நடந்து அந்தப் பக்கம் போகிறார். இடம் மாறியாகிவிட்டது. பேசிக் ஸ்டெப், ஒரு வலதுபக்கச் சுற்று, இந்தக் கிராஸ் பாடி, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டை ஆடிவிடலாம். யூடியூபில் பார்த்த பதினெட்டுக் கை முடிச்சை முதல் மாசமே போட்டுப் பார்க்கிறவர்களின் பார்ட்னர் முகத்தைக் கவனியுங்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டியவர் மாதிரி இருக்கும்.

இடுப்பு பற்றி எல்லோரும் ரகசியமாகக் கேட்பார்கள். இடுப்பை ஆட்டாதீர்கள். படிக்கட்டில் மெதுவாக ஏறிக்கொண்டே இடுப்பில் கை வைத்துப் பாருங்கள், தானாக ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். முழங்காலை மடக்கி, எடையை மாற்றி, நீட்டும்போது வருவது அது. சல்சாவிலும் அதேதான்.

செருப்பு, பின்னல், வளையல்

செலவு செய்வதாக இருந்தால் ஷூவில் மட்டும் செய்யுங்கள், அதுவும் இரண்டு மாசம் கழித்து. ரப்பர் அடிப்பாகம் வைத்த ஓட்டப் பயிற்சி ஷூ தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு சுற்றும், பாதம் சுற்றாது, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். எனக்கு ஒருமுறை இப்படி முழங்கால் முறுக்கிக்கொண்டு பத்து நாள் மாடிப்படி ஏறவே யோசித்தேன். ஆபீஸுக்குப் போடும், வழவழப்பான தோல் அடிப்பாகம் உள்ள பழைய ஷூ ஆரம்பத்துக்குப் போதும். நடன ஷூவில் அடிப்பாகம் மிருதுவான சூயிட் தோலில் இருக்கும், வழுக்கவும் செய்யும் பிடிக்கவும் செய்யும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது, நனைந்தால் போச்சு.

மோதிரம், வாட்ச், கண்ணாடி வளையல், தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். நீளப் பின்னல் இருந்தால் கொண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். சுற்றும்போது பின்னல் சாட்டை மாதிரி வரும், நான் கன்னத்தில் வாங்கியிருக்கிறேன். நம் ஊர் வியர்வைக்கு மாற்றுச் சட்டை ஒன்றோ இரண்டோ, ஒரு சின்னத் துண்டு கட்டாயம். நெருங்கி நின்று ஆடுவதால் வாயில் ஒரு புதினா மிட்டாய் இருந்தால் உத்தமம்.

பழகுவது எப்படி என்றால், வாரத்துக்கு ஒரு கிளாஸ், தினம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தையும் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, டீக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அடுப்படியில் நின்று பேசிக் ஸ்டெப் போடலாம். முதலில் வாயால் எண்ணுங்கள், உரக்க. மனசுக்குள் எண்ணினால் மூன்றாவது சுற்றில் நின்றுபோய்விடும். மெதுவான பாட்டில் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள். மாசம் ஒருமுறை போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், வலிக்கும், ஆனால் கண்ணாடியை விட அது நேர்மையானது.

அப்புறம் சோஷியல். கிளாஸில்லாமல் சும்மா ஆடுவதற்கென்று கூடும் மாலைக்கு அந்தப் பெயர். தேறின பிறகு போகலாம் என்று நிறைய பேர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள், என்னைக் கேட்டால் ஒரு மாசத்திலேயே போய்விடுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் 'ஆடலாமா' என்று கேட்கலாம், வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் உரிமை உண்டு, ஏன் என்று காரணம் கேட்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு ஆள் மாறுவதுதான் வழக்கம். 'நான் புதுசு' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும், பழகினவர்கள் எல்லோருமே ஒருகாலத்தில் அதைச் சொன்னவர்கள்தான். இடித்துவிட்டால் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஆடிக்கொண்டே எதிராளிக்குப் பாடம் எடுக்காதீர்கள், இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நாலு மாசம் கற்றவர்களாகத்தான் இருக்கிறார்கள். தெரியாத ஆளைப் பின்னால் சாய்த்துப் பிடிக்கிற சினிமா வேலையும் வேண்டாம், முதுகு அவர்களுடையது. தொடுதல் சங்கடமாக இருந்தால், பிடி தவறான இடத்தில் இருந்தால், பாட்டின் நடுவிலேயே கையை விட்டுவிட்டு நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அங்கே ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்று நாலு சல்சா பாட்டு ஓடி, நீங்கள் ஒருவழியாகப் பயம் தெளிந்து நிற்கும்போது, திடீரென்று கிட்டார் கொஞ்சிக்கொண்டு மெதுவான ஒரு பாட்டு வரும். எண்ணிப் பார்த்தால் நாலு நாலாக வரும், பக்கத்தில் எல்லோரும் இடமும் வலமுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், நாலில் யாருமே சும்மா நிற்க மாட்டார்கள், காலால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அது பச்சாத்தா, டொமினிக்கன் குடியரசின் சரக்கு, வேறு ஆட்டம். அந்த நேரத்தில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கும்.